பொன்னான ஃபால்

மனித வாழ்வு நான்கு பருவங்களால் ஆனது. ஒரு தலைமுறை பொன்னிற இலையாய்ப் பழுத்து உதிர, மறுதலைமுறை துளிர்க்கிறது. இது பிரபஞ்ச நியதி.

இதை ஆங்கிலத்தில் எழுதிய ஜேக்கப்புக்குத் தெரிந்த பருவங்கள் இரண்டுதான்: வெயில், ஜாஸ்தி வெயில். ஆம்பூரில் இலை பழுக்கும்வரை ஆடு காத்திருப்பதில்லை.

அப்துல் ஹமீதின் ஷூ கம்பெனியில் வெளிநாட்டுக்குப் போகும் கடிதமெல்லாம் ஜேக்கப் எழுதுவதுதான். ‘சரக்கு அனுப்பியாயிற்று’ என்பதை முக்கால் பக்கத்துக்குக் குறைவாக அவர் எழுதியதில்லை. தொண்ணூற்றெட்டில் முதலாளியின் மகன் இஷ்தியாக் அகமது சீமையில் படிப்பை முடித்துவிட்டு வந்து அதையெல்லாம் புரட்டிப் பார்த்தான்.

“அங்கிள், அமெரிக்கா பார்ட்டி நம்ம கம்பெனியப் பத்தி ஒரு பக்கம் கேக்கறாங்க. எழுதுங்க. அது சரியா வரலேன்னா பேக்கிங் செக்‌ஷனுக்குப் போய்டுங்க. அங்க ஆள் கம்மி.”

ஜேக்கப் ஒரு வாரம் எழுதினார். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் கையாகத் தன் கையை அவரால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. எழுதியதை முதலாளிக்குப் படித்துக் காட்டினார். ‘எங்கள் நிறுவனரின் பொன்னான ஆட்டமை மூன்று தலைமுறைகள் பெருமிதத்தோடு நின்று பார்க்கின்றன’ என்ற இடத்தில் ஹமீத் கையைத் தூக்கினார்.

“இன்னாய்யா அது, ஆட்டம்?”

“இலையுதிர் காலம் சார். பெரியவங்க வயசை அப்படித்தான் கௌரவமா சொல்றது.”

“கௌரவமா? ஹமீத் பாய் ஆட்டம் க்ளோஸ்ன்னு பஜார் பூரா பேசுவானுங்க. பேஜாரு. வேற வார்த்த போடு.”

வாக்கியத்தையே அடித்துவிட்டிருக்கலாம். ஜேக்கப்புக்கு மனசு வரவில்லை. அமெரிக்காக்காரன் ஆர்டர் தாளின் தலைப்பில் ‘ஃபால்’ என்றிருந்தது. இலையுதிர் காலத்துக்கு அங்கே அதுதான் பேர். ஆட்டம் இருந்த இடமெல்லாம் ஃபால் போட்டு ஃபேக்ஸ் அனுப்பினார். ஃபால் என்றால் விழுவதும்தான் என்பது அவர் படித்த எம்.ஏ.வுக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

மறுநாள் பதில் வந்தது. இஷ்தியாக் அதை எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்கு வந்தான். ஜேக்கப்பும் அங்கேதான் இருந்தார்.

“அப்பா, நீங்க எப்ப கீழ விழுந்தீங்க?”

“நான் எங்கடா விழுந்தேன்?”

“நீங்க விழுந்ததுல அவங்களுக்கு ரொம்ப வருத்தமாம். எலும்பு ஏதாவது முறிஞ்சுதான்னு கேக்கறாங்க. மூணு தலைமுறையும் நின்னு பெருமையா வேடிக்கை பாத்துச்சுன்னு அங்கிள் எழுதினாரே, அது இன்னா வழக்கம்னும் கேட்டிருக்காங்க. அடுத்த மாசம் நேர்லயே வந்து பாக்கறாங்களாம்.”

ஜேக்கப் பேனாவைத் திறந்தார். “தப்பாயிடுச்சுன்னு விளக்கமா ஒரு ஃபேக்ஸ் போட்டுடறேன் சார்.”

“ஐயையோ, விளக்கமா வேற எழுதப் போறியா?” என்றார் ஹமீத். “நமக்கு இங்கிலீஷ் வராதுன்னு தெரிஞ்சா, அவன் நம்ம பில்லையே சந்தேகப்படுவான். விழுந்தது விழுந்ததாவே இருக்கட்டும்.”

“அப்ப நான் பேக்கிங்குக்குப் போய்டட்டுமா சார்?”

“நீ போய்ட்டா? அவங்க வர்றப்ப என்னப் புடிச்சு நடத்த ஆள் வேணாமா?”

சொன்னபடியே இரண்டு அமெரிக்கர்கள் வந்து இரண்டு நாள் தங்கினார்கள். பரிசாக ஒரு கைத்தடி கொண்டுவந்திருந்தார்கள். ஒரு கையில் தடி, மறுகையில் ஜேக்கப் என்று ஹமீத் எல்லா செக்‌ஷனையும் நொண்டியபடி சுற்றிக்காட்டினார். தையல் மிஷின் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு தைத்தார்கள். ஆர்டர் தப்பியது. ஜேக்கப்பின் மேசையும் தப்பியது.

முதல் நாள் முதலாளி நொண்டியது இடது கால். இரண்டாம் நாள் வலது கால்.