தப்பாக எழுதிய நம்பர்

பாரம் நிரப்புவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இருபத்தெட்டு வருடம் கோலார் தங்கச் சுரங்கப் பக்கம் நந்திதுர்க்கில் அங்கன்வாடி நடத்தியவள் நான். குழந்தையின் எடை, தாயின் ரத்த அளவு, தடுப்பூசித் தேதி என்று ஊரார் வீட்டு உண்மையை எல்லாம் கட்டம் கட்டமாக எழுதி அனுப்பியிருக்கிறேன். என் வீட்டுக்காரருக்காக ஒரே ஒரு பாரம்தான் நிரப்பினேன். அதில் பொய் எழுதினேன்.

வீட்டுக்காரர் பெயர் ராஜ்குமார். ஐம்பத்தெட்டு வயது. சுரங்கம் மூடும்வரை கீழே இறங்கி வேலை பார்த்தார். அதற்குப் பிறகு தினமும் ரயிலேறி, பெங்களூரில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கிளப்பில் கேரம். அங்கே மட்டும் மனுஷர் மகாராஜா. ஸ்ட்ரைக்கரை விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவிவிட்டு, "இது ஒரு பக்கம் தேஞ்சிகீது, வேற குடு" என்பார். எடுத்துப் பார்த்தால் தேய்ந்துதான் இருக்கும். "முப்பது வருஷத்துல என் கையை இவ்ளோ கவனமா தொட்டது கெடையாது" என்று நான் வம்புக்கு இழுப்பேன். "நீ தேயலியே, ஷோபா" என்பார்.

போன தை மாதம் அவருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. பெங்களூரில் ஆபரேஷன் செய்து இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்தார்கள். கம்பெனிக்கு அல்சர் என்று சொல்லி வைத்தோம்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் அமலா என்ற பெண் வார்டுக்கு வந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் ஏதோ ஓர் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கிறவள். பொறுமையான பெண், அதையும் சொல்ல வேண்டும்.

"வெட்டி எடுக்கிற கட்டியில ஒரு துணுக்கு எங்களுக்குக் குடுங்கம்மா. உடம்புல எல்லா செல்லிலயும் ஒரே ஜீன்கள்தான் இருக்கும். ஆனா எது மும்முரமா வேலை செய்யுது, எது சும்மா கிடக்குதுன்னு கட்டிக்குக் கட்டி மாறும். அதை அளந்து பார்த்தா, இவருக்கு நோய் திரும்ப வருமா, கீமோ கேட்குமா கேட்காதான்னு ஓரளவு சொல்லலாம்."

எனக்குப் புரிந்தது. நாங்கள் இருக்கும் வரிசை வீட்டு லைனில் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி சுவிட்ச் போர்டுதான். எந்த வீட்டில் எந்த விளக்கு எரிகிறது என்று பார்த்தே உள்ளே என்ன நடக்கிறதென்று நான் சொல்லிவிடுவேன்.

"ரெண்டு மாசம் ஆகும். வைத்தியத்தை மாத்துற மாதிரி ஏதாவது தெரிஞ்சா டாக்டரே போன்ல கூப்பிடுவார். நம்பர் மட்டும் சரியா எழுதுங்கம்மா" என்றாள்.

போனில் கூப்பிடுவார் என்ற சொல்தான் எனக்கு ஆகவில்லை. நான் சூடு கண்ட பூனை. என் அப்பா பெருமாளும் சுரங்கத்தில் இருந்தவர். வருடத்துக்கு ஒரு முறை மெடிக்கல். நெஞ்சுப் படம் எடுப்பார்கள். படத்தில் புள்ளி தெரிந்தால் அன்ஃபிட். வேலையும் போகும், குவார்ட்டர்ஸும் போகும். அப்பாவுக்கு இருமல் வந்த பிறகு, பக்கத்து வீட்டுத் தசரதன் மாமா அப்பா பெயரைச் சொல்லிக்கொண்டு போய்த் தன் நெஞ்சைக் காட்டிவிட்டு வருவார். மூன்று வருடம் அப்படி ஓடியது. நான்காவது வருடம் மாமா ஊரில் இல்லை. அப்பா தானே போய் நின்றார். அடுத்த மாதம் நாங்கள் தட்டுமுட்டுச் சாமானோடு தெருவில் நின்றோம். எனக்கு அப்போது பத்து வயது. மெடிக்கல்காரர்கள் கையில் நிஜம் கிடைத்தால் வீடு போகும் என்று அன்றைக்கு மண்டையில் ஏறியது இறங்கவே இல்லை.

போன் வந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் காகிதம் வரும், காகிதம் கம்பெனிவரை போகும், இவரும் அன்ஃபிட். இப்படித்தான் கணக்குப் போட்டேன். கடைசி எண் மூன்று. எட்டு என்று எழுதினேன். விலாசத்துக்கு எங்கள் ஊர் மைசூர் மைன்ஸ் பகுதியில் எப்போதோ இடித்துப்போட்ட ஒரு லைன். ஆஸ்பத்திரிச் சீட்டு போடும்போதும் இதையேதான் கொடுத்திருந்தேன். ஒரு பொய்யை இரண்டு இடத்தில் பிசகாமல் சொல்வதில் நான் கெட்டிக்காரி. அவரிடம் நீட்டினேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, நடுவில் மாத்திரை, மொத்தம் எட்டுத் தடவை கீமோ என்று எழுதிக் கொடுத்தார்கள். அதைக் கோலாரிலேயே போட்டுக்கொள்ளலாம், எட்டும் முடித்துவிட்டு வாருங்கள் என்றார்கள். பிப்ரவரிக் கடைசியில் ஆரம்பித்தோம்.

முதல் இரண்டை எப்படியோ தாண்டினார். மூன்றாவதற்குப் பிறகு பச்சைத் தண்ணீரைத் தொட்டால் கரண்ட் அடிக்கிற மாதிரி கையை இழுத்துக்கொள்வார். சாதத்தைப் பார்த்தாலே ஓங்கரிப்பு. ஐந்தாவது ஊசி அன்று காலையில் சட்டை போட மறுத்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"போதும், ஷோபா. விரலெல்லாம் என்னுதாவே இல்ல. இத்தோட வுட்டுடலாம்."

"இன்னா பேசறீங்க? இன்னும் நாலுதான். பாதி கெணறு தாண்டி யாராச்சும் நிப்பாங்களா?"

அவர் அழுதார். சுரங்கத்தில் பாறை விழுந்து தோள் பெயர்ந்தபோதுகூட அழாதவர். நான் பதிலுக்கு அவரைவிடச் சத்தமாக அழுது, சட்டையை மாட்டி, பஸ் ஏற்றிக் கூட்டிப்போனேன். அழுகையிலும் ஜெயிக்க வேண்டும் எனக்கு. அதற்குப் பிறகு அவர் மறுக்கவில்லை. எட்டையும் முடித்தார்.

முடித்தபோது பத்து விரலும் மரத்திருந்தன. கிளப்புக்கு ஒரே ஒரு நாள் போனார். ஸ்ட்ரைக்கர் விரலில் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம். அரைமணியில் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும், "எங்க வீட்டம்மா இல்லன்னா நான் என்னைக்கோ போயிருப்பேன். இழுத்துகினு போய் எட்டையும் போட வெச்சா" என்று பெருமையாகச் சொல்வார். எனக்கும் உச்சி குளிர்ந்துதான் போனது. இல்லையென்று சொன்னால் அது இன்னொரு பொய்.

செப்டம்பரில் பெங்களூருக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள், எங்கேயும் எதுவும் இல்லை. நான் மருந்து வாங்க வரிசையில் நின்றபோது அமலா என் தோளைத் தொட்டாள்.

"அம்மா, நீங்களா! எத்தனை தடவை போன் பண்ணோம் தெரியுமா? எவனோ ஹாசன்ல டயர் கடைக்காரன் எடுத்து கன்னடத்துல திட்டறான். லெட்டரும் திரும்பி வந்துடுச்சு. வாங்க, டாக்டரைப் பாருங்க."

டாக்டர் ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். என் வீட்டுக்காரரின் கட்டியில் நோயை எதிர்க்கிற ஜீன்கள் ஓங்கி வேலை செய்திருந்தனவாம். இந்த வகைக்காரர்களுக்கு ஆபரேஷனோடு பெரும்பாலும் நோய் அடங்கிவிடும். அதற்கு மேல் கீமோவால் பெரிய லாபம் இருப்பதாகத் தெரியவில்லை.

"அப்போ நிறுத்தச் சொல்லியிருப்பீங்களா, சார்?"

"நிறுத்துங்கன்னு கட்டளை போட மாட்டோம்மா. இது நிறைய பேரைப் பார்த்துச் சொல்ற கணக்கு. ஆனா உங்க வீட்டுக்காரரை உட்கார வெச்சு எல்லாத்தையும் சொல்லியிருப்போம். தொடர்றதா வேணாமான்னு அவர் முடிவு பண்ணியிருப்பார்."

"விரல்?"

"கொஞ்சம் திரும்பலாம். முழுசா திரும்பும்னு சொல்ல முடியாது."

ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன். அவர் உயிரோடு இருக்கிறார், இனியும் இருப்பார் என்று சொல்கிற காகிதம் என் கையில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே ஹாலில் அவர் ஒரு புருஷன் பெண்டாட்டியோடு பேசிக்கொண்டிருந்தார். பங்காருப்பேட்டைக்காரர்கள், அந்த மனிதருக்கு அடுத்த வாரம் கீமோ ஆரம்பம்.

"நடுவுல வுட்டுடாதீங்க சார். நான் அஞ்சாவதுல வேணாம்னு அழுதேன். இவதான் வுடல. கை போச்சு, போவட்டும். உசுரு கீது பாருங்க. தோ வந்துட்டா, நீங்களே கேளுங்க."

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். பயந்துபோன கண்கள். "எல்லாத்தையும் முடிச்சாதான் பொழைப்பாங்களாக்கா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம். இவர் சாகும்வரை என்னைப் புகழ்ந்துகொண்டிருப்பார்.

"எனக்குத் தெரியாதும்மா. டாக்டருக்குத்தான் தெரியும்" என்றேன். "உங்க நம்பரை மட்டும் அவங்களுக்குச் சரியா குடுத்துடுங்க. நான் தப்பா குடுத்துட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ரிப்போர்ட்டை அவரிடம் கொடுத்துவிட்டு, அங்கேயே, அந்த இருவர் முன்னாலேயே, ஒன்று விடாமல் சொன்னேன். மூன்றை எட்டாக்கியதை, இடித்த லைனை, டயர் கடைக்காரனை, டாக்டர் சொன்னதை. அந்தப் பெண் மெல்லப் புருஷனைக் கூட்டிக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. தேதியைத் தேடிப் படித்தார். "மார்ச் இருபது" என்றார். "அப்போ எனக்கு ரெண்டு ஊசிதான் ஆயிருந்துச்சு."

"ஆமாங்க."

"கம்பெனிக்குத் தெரிஞ்சிடும்னா பண்ண?"

"அன்ஃபிட்னு அனுப்பிடுவாங்கன்னு பயந்துட்டேங்க. எங்க அப்பாவை அனுப்புன மாதிரி."

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன், திருப்பிக் கத்திக்கூட இருப்பேன். காகிதத்தை மடிக்கப் பார்த்தார், விரல் ஒத்துழைக்கவில்லை. நான் கை நீட்டினேன். கொடுக்காமல் அப்படியே மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னைக் கேட்டிருக்கலாமே, ஷோபா" என்றார்.

கேட்டிருக்கலாம். நான் அந்தப் பாரத்தை அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துதான் நிரப்பினேன். அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார்.