நான்கு துளைகள்

தடித்த கம்பியை ஜெஸ்மி பேஸ் கிட்டாரின் முதுகுத் துளைக்குள் விட்டு, முன்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் வழியாக இழுத்தாள். அடுத்த அறையில் ஃப்ரீசர் பெட்டியின் இரைச்சலுக்கு மேலாகப் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் அவள் அண்ணன் பெனிஸ்டன். நேற்று துறைமுகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழவில்லை.

நாலு மணிக்குக் கோயிலில் அடக்க ஆராதனை. பாடகர் குழுவில் பதினாறு வருடமாக அவன் வாசித்த கிட்டார் இது. போன வாரம்தான் பழைய கம்பிகளைக் கழற்றிப் போட்டிருந்தான்.

"விடு ஜெஸ்மி. கீபோர்டு மட்டும் போதும்னு சபை ஐயர் சொல்லுதாரு," என்றான் ஷாம். அண்ணனின் கூட்டாளி; இன்று அண்ணனுக்குப் பதிலாக வாசிக்க வேண்டியவன்.

"இருங்க ஷாம் அண்ணன்."

புதுக் கம்பி வாங்கியது அவள். முதுகு வழியாகக் கோத்தால்தான் சத்தம் திடமாக இருக்கும் என்பான் பெனிஸ்டன். எல்லாம் மனப்பிராந்தி என்று தாளில் சமன்பாடு எழுதிக் காட்டுவாள், இயற்பியல் படித்த ஜெஸ்மி. அந்த வேகத்தில், முதுகு வழியாகக் கோக்கத் தேவையான கூடுதல் நீளக் கம்பியை விட்டு, சாதாரண நீளக் கம்பியையே ஆர்டர் போட்டிருந்தாள். பார்சலைப் பிரித்துப் பார்த்த அண்ணன் சிரித்தான். "ஏளா எம்எஸ்சி, கட்டையோட கனத்தக் கணக்குல சேத்தியா?"

இப்போது கம்பியை முறுக்கினாள். கம்பி நுனியில் சுற்றியிருந்த சிவப்பு நூல் தலைப்பக்கம் போய்ச் சேராமல், விரல் வைக்கும் இடத்திலேயே நின்றது. மீட்டினாள். சாக்கு மூட்டையைத் தட்டியது போலிருந்தது.

"பிரிட்ஜுக்குப் பின்னால மேலேயே ஓட்ட இருக்கு. அதுல கோத்துருவமா?" ஷாம் தயங்கினான். "அவன் இருந்தா என்னைய அடிக்க வருவான்."

அவள் கம்பியை உருவினாள். நான்கையும் மேலேயே கோத்தாள். சிவப்பு நூல் தலைப்பக்கம் போய்ச் சேர்ந்தது. ஷாம் சுதி சேர்த்து, ஆம்ப்பின் சத்தத்தைக் குறைத்து வைத்து நாலு சுரம் வாசித்தான். அடுத்த அறையில் பாட்டு நின்றது. அம்மா பெட்டிமேல் சாய்த்திருந்த தலையைத் தூக்கி இந்த அறையைப் பார்த்தாள்; பிறகு குனிந்துகொண்டாள்.

"அதே சத்தந்தான். வித்தியாசமே தெரியலயே," என்றான் ஷாம்.

"வித்தியாசம் தெரியாதுதான்," என்றாள் ஜெஸ்மி.

துடைத்துத் தருவதற்காகக் கிட்டாரைத் திருப்பினாள். முதுகில், காலியாக இருந்த துளைகளைச் சுற்றி நான்கு இரும்பு வளையங்கள், உப்புக்காற்றில் துருவேறியிருந்தன. ஒன்றின் மேல் விரலை வைத்து அழுத்தினாள்.

"ஏளா ஜெஸ்மி, பூ வைக்க வா. பெட்டிய மாத்தப் போறாவ," என்று அத்தை கூப்பிட்டாள்.

விரல் நுனியில் செம்மண் நிறத்தில் ஒரு வட்டம் பதிந்திருந்தது. துணி கையிலேயே இருந்தது. விரலைத் துடைக்காமல் எழுந்து போனாள்.