ஒரு மயிரிழைக் கோணல்

காதல் என்றுதான் நினைத்தேன். நாற்பத்து மூன்று வயதுவரை கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லாமல், கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து யார் யார் மூக்குக்கோ ஃபிரேம் பொருத்திக்கொண்டிருந்தவள் நான். எனக்குத் திடீரென்று நெஞ்சு தடதடவென்று அடித்து, கை நடுங்கி, தூக்கம் போய்விட்டால் வேறு என்னவென்று நினைப்பது? அதுவும் லென்ஸ்காரர் கடைக்குள் கால் வைக்கும்போதெல்லாம் அது இரண்டு மடங்கானது.

லென்ஸ்காரர் என்பது நானும் முதலாளியும் வைத்த பெயர். லென்ஸ் தேய்க்கும் கம்பெனியிலிருந்து வாரம் இரண்டு தரம் ஸ்கூட்டரில் வந்து, எங்கள் ஆர்டர்களைச் சின்னச் சின்ன உறைகளில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மனைவி தவறிப் பல வருஷமாகிறது என்று முதலாளி சொல்லித்தான் தெரியும். அதிகம் பேசமாட்டார். உறைகளை ஒவ்வொன்றாக விரலால் நீவி, மேஜையில் அடுக்கிவிட்டு, "சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க" என்பார். நானும் பார்ப்பேன். லென்ஸைத்தான் பார்த்தேன் என்று சத்தியம் செய்ய முடியாது.

ஒருநாள் அவர் தன் கண்ணாடி மேலேயே உட்கார்ந்துவிட்டார். சப்பையாகிப்போன ஃபிரேமை என்னிடம் நீட்டி, "இதக் கொஞ்சம் நிமித்தித் தர முடியுமா?" என்றார். ஃபிரேம் நிமிர்த்துவது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. ஆனால் அது சரியாக உட்காருகிறதா என்று பார்க்க, ஆளுடைய முகத்துக்கு நேராகப் போய் நிற்க வேண்டும். இரண்டு புருவமும் ஃபிரேமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்து, கம்பி காதுக்குப் பின்னால் எங்கே வளைகிறதென்று தொட்டுப் பார்க்க வேண்டும். எத்தனையோ பேருக்குச் செய்ததுதான். அவருடைய காதருகே போனதும் என் விரல்கள் வெடவெடத்தன. கண்ணாடி இடது பக்கம் ஏறிக்கொண்டது. கழற்றிச் சரிசெய்தேன், வலது பக்கம் ஏறியது. "பரவால்ல, நல்லாத்தான் இருக்கு" என்று எழுந்துவிட்டார். பாவம், உலகமே சாய்ந்துதான் தெரிந்திருக்கும்.

அடுத்த தடவை வந்தபோது, "லேசா சரியுது" என்று கழற்றிக் கொடுத்தார். அதற்கடுத்த தடவையும் அதையே சொன்னார். மாதக்கணக்கில் இது நடந்தது. நான் நிமிர்த்துவதும், கை நடுங்கிக் கோணலாவதும், அவர் அதையே மாட்டிக்கொண்டு போவதும், திரும்பி வருவதும். "என்னம்மா, ஊர்ல இருக்கிற மூஞ்சியெல்லாம் உனக்கு அடங்குது, அந்த ஒரு மூஞ்சி மட்டும் அடங்கமாட்டேங்குது?" என்று முதலாளி கேட்டார். நான் காதில் விழாத மாதிரி துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயம் மட்டும் இடித்தது. காதல் வந்தால் சோறு இறங்காது என்பார்கள். எனக்கோ அகோரப் பசி. பானையை வழித்துச் சாப்பிட்டும் ஜாக்கெட்டெல்லாம் தொளதொளத்தது. என் தங்கை என்னோடுதான் இருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "அக்கா, ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடறே, அரை ஆளாப் போயிட்டே. கணக்கு ஒதைக்குதே" என்று என்னை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

ரத்தம் எடுத்தார்கள், கழுத்தை ஸ்கேன் செய்தார்கள். தைராய்டு சுரப்பியின் வலது பக்கத்தில் ஒரு கட்டி. கெட்ட கட்டி இல்லை, ஆனால் யார் பேச்சையும் கேட்காமல் அதுபாட்டுக்குச் சுரந்துகொண்டிருக்கிறது என்றார் டாக்டர். "படபடப்பு, கை நடுக்கம், வேர்வை, தூக்கமில்லாதது, சும்மா சும்மா கண் கலங்கறது, எல்லாம் இதோட வேலைதான்."

"எல்லாமேவா?" என்று கேட்டேன்.

"எல்லாமேதான். கவலைப்படாதீங்க, மாத்திரை போட்டா அடங்கிடும்" என்று சிரித்தார். எனக்கு ஆறுதல் சொல்வதாக அவருக்கு நினைப்பு.

சொன்னபடியே அடங்கிவிட்டது. சுரப்பிக்கு ஒன்றும் நெஞ்சுக்கு ஒன்றுமாக மாத்திரை. சில வாரங்களில், லென்ஸ்காரரின் ஸ்கூட்டர் வாசலில் நின்றபோது நான் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. சுவர்க் கடிகாரம் மாதிரி அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவருடைய கண்ணாடியைத் தொடவே எனக்கு மனம் வரவில்லை, வேலை நிறைய இருக்கிறது என்று அனுப்பிவிட்டேன். பிறகு பின்னறைக்குப் போய், லென்ஸ் ஓரம் தேய்க்கிற மெஷினை ஓடவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன். என் வாழ்க்கையில் வந்தது அது ஒன்றுதான். அதுவும் என்னுடையது இல்லை, கட்டியுடையது என்றால் எப்படித் தாங்குவது?

மறுநாளிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டேன். கொஞ்ச நாளில் படபடப்பு திரும்பி வந்தது. தொலைந்துபோன பிள்ளை வீடு திரும்பினால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கமாட்டேன். அவர் வந்தார், என் கை நடுங்கியது, கண்ணாடி கோணியது. எல்லாம் பழையபடி ஆனது.

பிறகு ஒரு மத்தியானம் நெஞ்சு கன்னாபின்னாவென்று ஓட ஆரம்பித்தது. பள்ளத்தில் இறங்கி ஏறுகிற வண்டி மாதிரி அடிக்கிறது, நிற்கிறது, மறுபடி அடிக்கிறது. கண் இருட்டிக்கொண்டு வந்து, கூலிங்கிளாஸ் மாட்டியிருந்த ஸ்டாண்டோடு சேர்ந்து விழுந்தேன். அன்றைக்கு அவர் வருகிற நாள்கூட இல்லை. என் நெஞ்சு யாருக்காகவும் காத்திருக்கவில்லை. விழுந்த அடியைவிட அதுதான் எனக்கு வலித்தது.

ஆஸ்பத்திரியில் என் கைப்பையைக் குடைந்த தங்கைக்குப் பிரிக்காத மாத்திரை அட்டைகள் கிடைத்தன. கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ஏன்க்கா?" என்று மட்டும் கேட்டாள். ஒளிக்கத் தெம்பில்லாமல் சொல்லிவிட்டேன்.

மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகத் தன் மடியில் அடுக்கினாள். "யாரு, உங்க கடைக்கு வர்ற அந்தக் கோணக் கண்ணாடியா?"

"அந்தக் கோணல் நான் பண்ணதுதான்."

"போறது போகட்டும்க்கா. ஆசைப்படறதுக்காவது நீ இருக்கணும்ல" என்றாள். அதற்குமேல் என்னால் முரண்டு பிடிக்க முடியவில்லை.

இனி மாத்திரையை நம்பி விடுவதற்கில்லை, ஆபரேஷன்தான் நல்லது என்று சர்ஜனிடம் அனுப்பினார்கள். அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். மேஜைமேல் கழுத்து பொம்மை ஒன்று வைத்திருந்தார். மூடியைத் திறந்ததும் உள்ளே வண்ணத்துப்பூச்சி மாதிரி சுரப்பி தெரிந்தது. இப்போதெல்லாம் கழுத்தை நீளமாக அறுப்பதில்லை என்று நிதானமாக விளக்கினார். கழுத்து மடிப்பிலேயே சின்னதாகக் கீறி, கேமரா வைத்த குழாயை விட்டு, கட்டி இருக்கும் பாதியை மட்டும் எடுத்துவிடலாம். கீழ் உதட்டுக்கு உள்பக்கமாகப் போகலாம், வெளியே தழும்பே தெரியாது, தாடை மட்டும் கொஞ்ச நாள் மரத்திருக்கும். அக்குள் வழியாகவும் போகலாம், ஆனால் தூரம் அதிகம். சில கட்டிகளை எடுக்கவே வேண்டாம், ஊசி ஏற்றி உள்ளேயே சூடுவைத்தால் மெல்லச் சுருங்கும்.

தங்கை பரீட்சைத்தாள் திருத்துகிறவள் மாதிரி கேள்வி கேட்டாள். குரல் போகுமா? குரலுக்கான நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, அதைக் கண்காணித்துக்கொண்டேதான் செய்வோம், ஆபத்து குறைவு, அறவே இல்லை என்று சொல்லமாட்டேன் என்றார் சர்ஜன். தங்கை வாய் வழியாகவே செய்யலாம் என்று பிடித்துக்கொண்டாள். கழுத்தில் தழும்பு வந்தால் நன்றாகவா இருக்கும் என்றாள்.

நான் கேட்டது ஒன்றுதான். "அந்த ஊசி போட்டா, கட்டி உள்ளதான் இருக்குமா?"

"இருக்கும். மாசக்கணக்கில சுருங்கும்."

"கொஞ்சம் கொஞ்சமாத்தான் போகும், இல்லையா?"

சர்ஜன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நோயைக் கொஞ்சநாள் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவளை அவர் பார்த்திருக்கமாட்டார். "உங்க கட்டி பெரிசு, கீழே வேற இறங்கியிருக்கு. ஊசிக்கு அடங்காது. எடுத்துடறதுதான் நல்லதும்மா."

"அப்ப கழுத்துலயே கீறிடுங்க" என்றேன். தங்கை வாயைத் திறப்பதற்குள், "ஒண்ணு இருந்துச்சுங்கிறதுக்கு ஒரு அடையாளமாவது இருக்கட்டும்டி" என்றேன்.

ஆபரேஷன்வரை தங்கையே மாத்திரையைப் பிரித்து, நான் விழுங்கிய பிறகு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். நெஞ்சும் நாடியும் ஒழுங்குக்கு வந்தபின் ஆபரேஷன் முடிந்தது. கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ஒரு கோடு, கரகரத்த குரல், விழுங்கும்போது வலி, அவ்வளவுதான். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் படுத்துக்கொண்டு லென்ஸ்காரரை நினைத்துப் பார்த்தேன். நெஞ்சு அசையவில்லை. அவர் உறைகளை நீவுகிற விரலை நினைத்தேன். காதுக்குப் பின்னால் சீப்புக்கு அடங்காமல் நிற்கிற நரைமுடியையும், மழை நாளில் கடை வாசலில் செருப்பைத் தட்டித் தட்டி ஈரம் உதறிவிட்டு உள்ளே வருவதையும் நினைத்தேன். அப்போதும் அசையவில்லை. கட்டியோடு எல்லாம் போய்விட்டது என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். ஆனால் தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டபோதெல்லாம் அது யாருடைய வண்டி என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைக்குத் திரும்பிய அன்றைக்கு முதலாளி முதலில் சொன்னது இதைத்தான். "லென்ஸ்காரர் கண்ணாடி சறுக்குமரம் மாதிரி நிக்குதும்மா. நான் நிமித்தட்டுமான்னு கேட்டேன். வேணாம், அவங்க வரட்டும்னுட்டார்." பிறகு அவரே, "என் கையில ஒரு ஃபிரேம் உடைஞ்சதைப் பாத்தவராச்சே, பயம் இருக்காதா?" என்றும் சொன்னார். இரண்டில் எதை எடுத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அவர் வந்தார். உறைகளை அடுக்கினார். என் கழுத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பார்வையை எடுத்துக்கொண்டார். "இப்ப எப்படி இருக்கு?"

"பரவால்ல."

"குரல் மாறியிருக்கு."

"சரியாயிடும்னு சொன்னாங்க."

தலையாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். "லேசா சரியுது."

சூடு காட்டினேன், நிமிர்த்தினேன், அவர் முகத்துக்கு நேராகப் போய் நின்று மாட்டினேன். விரல் ஆடவில்லை. முதல் தடவையிலேயே இரண்டு புருவத்துக்கும் மட்டமாக, நூல் பிடித்த மாதிரி உட்கார்ந்தது. இத்தனை மாதத்தில் அந்த முகத்தை ஆற அமர நான் பார்த்ததே இல்லை. சாதாரண முகம், களைத்த கண்கள். எங்கேயும் பார்க்காமல் என் புடவைத் தலைப்பை வெறித்துக்கொண்டிருந்தன.

வேலை அருமையாக முடிந்துவிட்டது. இனி அது சரியாது. 'லேசா சரியுது' என்று அவர் உட்காரவும் மாட்டார். உறையைக் கொடுப்பார், போவார். நெஞ்சைக் கவனித்தேன், அது பாட்டுக்கு நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. ஆனால் இந்த ஆள் எழுந்து போய்விடக் கூடாது என்று எனக்கு இருந்தது. முன்பைவிட அதிகமாக இருந்தது. எல்லாமே கட்டியின் வேலை என்று டாக்டர் சொன்னாரே, எல்லாமே இல்லை.

"ஒரு நிமிஷம்" என்று கண்ணாடியைக் கழற்றினேன். வலது காதுக் கம்பியைச் சூடு காட்டி, கட்டைவிரலால் ஒரே ஒரு மயிரிழை கீழே அழுத்தினேன். ஆறவிட்டுத் திரும்ப மாட்டினேன்.

"பாருங்க, சரியா இருக்கா?"

முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் குனிந்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயுசு முழுக்க லென்ஸோடு இருக்கிறவருக்குக் கோணல் தெரியாமலா போகும்?

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"சரிஞ்சா வாங்க."

"வர்றேன்" என்று எழுந்தார். கடைக் கதவைத் திறந்துவிட நீட்டிய என் கையைப் பார்த்தேன், அது நடுங்கவே இல்லை.