நூற்று முப்பத்தேழாவது வரி

பழவேற்காட்டுக் கடைத்தெருவில் மீன் ஆய்வுத் திட்டத்துக்காக ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதை ஓட்டத் தெரிந்தவள் பரக்கத் ஒருத்திதான். சென்னையில் கணக்குப் படித்து, பயிற்சியும் முடித்து, பிறந்த ஊருக்கே வேலைக்கு வந்தவள். எந்தக் குப்பத்துப் படகு போனது, எது திரும்பியது என்று பதிகிற புரோகிராமை அவளேதான் எழுதினாள்.

ஒரு படகுக்கு ஒரு வரி. முதலில் படகு எண், பிறகு மேற்கோள் குறிகளுக்குள் படகுக்காரர் பெயர், கடைசியில் வந்ததா இல்லையா என்பதற்கு ஓர் எழுத்து. புரோகிராம் எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டு போகும். இந்த ஒழுங்கில் ஏதாவது பிசகினால் 'எரர்' என்று ஒரே ஒரு சொல் காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். எங்கே பிசகு, என்ன பிசகு என்று சொல்லாது. டைப் அடிக்கிற காந்தா அதைப் பார்த்துக் கையைப் பிசைவாள். "நான்தான் பக்கத்துலயே கீறேனேக்கா" என்று பரக்கத் வந்து தேடிக் கொடுப்பாள். காந்தா லைட்ஹவுஸ் குப்பத்துக்காரி. புருஷன் தருமன் கடலுக்குப் போகிறவன்.

எண்பத்து நான்கு நவம்பரில் ஒரு நாள் வாடைக் காற்று விடியும்போதே சீறிக்கொண்டு வந்தது. ரேடியோவில் புயல் என்றார்கள். ஆனால் முதல் சாமத்திலேயே போன படகுகள் போனதுதான். திட்ட அதிகாரி தெய்வசிகாமணி எல்லாக் குப்பங்களுக்கும் ஆள் விட்டார். எந்தப் படகு வந்தது, எது வரவில்லை என்று சீட்டுகள் வந்து குவிந்தன. வராத படகுகளின் பட்டியலைச் சென்னைக்குப் போனில் சொன்னால்தான் மீட்பு லாஞ்சு கிளம்பும்.

காந்தா காலையிலேயே உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் அடித்தாள். தன் புருஷன் படகு வரவில்லை என்பதையும் அவளேதான் அடித்தாள். நண்பகலில் இரண்டாவது கட்டு சீட்டு வந்தது. பிந்தி வந்து சேர்ந்த படகுகள். அவற்றின் கடைசி எழுத்தைப் பரக்கத் பார்த்து 'வந்தது' என்று திருத்தினாள். அந்த நேரம் பார்த்து ஜன்னல் கதவு பிய்த்துக்கொண்டு போயிற்று. மழை நேராக மேசைமேல் அடித்தது. கம்ப்யூட்டரைத் தார்ப்பாய் போட்டுக் காப்பாற்றினார்கள். சீட்டுகள் கூழாகி, மை கரைந்து ஓடிவிட்டது.

இரண்டு மணிக்குப் பட்டியல் அச்சாகி வந்தது. வந்தவை இருநூற்றுப் பத்து. வராதவை ஒன்றுமில்லை.

"ஒருத்தரும் பாக்கி இல்ல!" என்றார் தெய்வசிகாமணி. காந்தா காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். "வராதவங்கள்ல அவரு பேரு இல்ல! வந்துட்டாரு, ரெண்டாவது கட்டுல வந்துட்டாரு!" என்று வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். ஜனம் ஆர்ப்பரித்தது. அதிகாரி சென்னைக்கு ட்ரங்க் கால் கேட்டுவிட்டு போன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பரக்கத் மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ஓரத்தில் 'எரர்' என்று இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு படகில் இரண்டைக் காணோம்.

தருமன் பெயரைத் திருத்தினோமா? எவ்வளவு யோசித்தும் திருத்திய ஞாபகம் வரவில்லை.

"சார், போன் வந்தா எதுவும் சொல்லிடாதீங்க. ரெண்டு படகு வுட்டுப்போச்சு."

"இன்னாம்மா சொல்ற? எது ரெண்டு?"

"தெரியல சார். அது சொல்லல."

வாசலில் சிரிப்பு அடங்கியது. காந்தா உள்ளே வந்து அவள் முகத்தையே பார்த்தாள்.

பரக்கத் வரிகளைத் திரையில் ஓடவிட்டாள். எழுத்துகள் நடுங்கின. ஜெனரேட்டர் இருமும்போதெல்லாம் திரை சுருங்கி விரிந்தது. ஒருமுறை முழுக்கப் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் முறை பாதியிலேயே கண் இருட்டியது. இப்படித் தேடினால் பொழுது போய்விடும் என்று அவளுக்குப் புரிந்தது. தேடுவதை விட்டுவிட்டு புரோகிராமைத் திறந்தாள். எத்தனையாவது வரி என்று எண்ணிக்கொண்டே வரவும், பிசகு கண்டால் அந்த எண்ணைச் சொல்லவும் நாலு கட்டளை சேர்த்தாள். விரல்கள் விறைத்து, இரண்டு தடவை தப்பாக அடித்து அழித்தாள்.

நூற்று முப்பத்தெட்டு என்று வந்தது.

அந்த வரியை எடுத்துப் பார்த்தாள். எண், பெயர், வந்துவிட்டது என்கிற எழுத்து, எல்லாம் சரியாக இருந்தன. ஒரு குறை இல்லை. சரியான வரியைப் போய்த் தப்பு என்கிறதே! அப்போதுதான் அவளுக்கு நிஜமாகவே பயம் பிடித்தது. இந்தப் புரோகிராம் சொல்கிற எதையுமே நம்ப முடியாதோ?

போன் மணி அடித்தது. தெய்வசிகாமணி எடுத்து, "கொஞ்சம் லைன்ல இருங்க, வச்சிடாதீங்க" என்று கெஞ்சினார்.

பரக்கத் கண்ணை மூடினாள். தானே அந்தப் புரோகிராமாக இருந்து எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தாள். மேற்கோள் குறி வந்தால் பெயர் தொடங்குகிறது. அடுத்த குறி வருகிற வரைக்கும் எல்லாம் பெயர்தான். அடுத்த குறி வராவிட்டால்? வரி முடிந்தாலும் நிற்காது. அடுத்த வரிக்குள் போய், அங்கே பெயரைத் தொடங்குகிற குறியை முடிக்கிற குறி என்று எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் எல்லாம் குளறும். இடறியது முப்பத்தெட்டில். கோளாறு அதற்கு முந்திய வரியில்.

நூற்று முப்பத்தேழு. தருமன். பெயருக்கு முன்னால் குறி இருந்தது, பின்னால் இல்லை. கடைசி எழுத்து 'வரவில்லை' என்றது.

காந்தா பரக்கத்தின் தோளுக்குமேல் குனிந்து படித்துவிட்டாள்.

"நான் அடிச்சதா? அவரு பேர அடிக்கறப்போ கை ஆடுச்சு பரக்கத்து... நானே அவர மறைச்சிட்டனா?"

"இல்லக்கா. கை யாருக்குந்தான் ஆடும். எங்கே தப்புன்னு அது சொல்லாத மாதிரி எழுதி வுட்டது நான்."

அதிகாரி போனில் கத்திக்கொண்டிருந்தார். "ஒரு கட்டுமரம், மூணு பேரு! லைட்ஹவுஸ் குப்பம்! தெற்கே இழுத்துனு போயிருக்கும்!" மறுமுனை திரும்பச் சொல்லச் சொல்லி, ஒப்புக்கொண்டது. அடுத்த கால் மணியில் போன் செத்துப்போயிற்று.

அன்று இரவு முழுக்க ஊரே கதவடைத்துக் கிடந்தது. காந்தா வீட்டுக்குப் போகாமல் அந்த அறையிலேயே சுவரில் சாய்ந்திருந்தாள். பரக்கத் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் லாஞ்சு வந்தது. கவிழ்ந்த கட்டுமரத்தோடு உடம்பைக் கயிற்றால் கட்டிக்கொண்டு மிதந்த இரண்டு பேரைக் கொண்டுவந்தார்கள். ஒருவன் தருமன். உதடெல்லாம் உப்பு வெடித்து, பேச்சு வரவில்லை. மூன்றாவது ஆள் பச்சைமுத்து கிடைக்கவேயில்லை. அவன் பெண்டாட்டி திரௌபதி லாஞ்சுக்குள் ஏறி ஒவ்வொரு மூலையாகப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

ஒரு மணி நேரம் முந்தியிருந்தால் மூன்று பேரும் வந்திருப்பார்களா?

அந்த வாரமே பரக்கத் புரோகிராமை மறுபடி எழுத உட்கார்ந்தாள். எத்தனையாவது வரி, எத்தனையாவது எழுத்து, அங்கே என்ன இருக்கவேண்டும், என்ன இருக்கிறது, குறி எங்கே திறந்து மூடாமல் நிற்கிறது, எல்லாவற்றையும் சொல்லவைத்தாள். காந்தாவுக்கு இங்கிலீஷ் வாசகம் புரியாதென்று இங்கிலீஷ் எழுத்திலேயே தமிழை எழுதினாள். பெயர் ஒரு வரிக்குள் முடிந்தாக வேண்டும் என்றும் ஒரு கட்டளை சேர்த்தாள். எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் பட்டியல் அச்சாகாது.

அப்புறமும் அவளால் சும்மா இருக்க முடியவில்லை. தினமும் வேலை முடிந்ததும் தனக்குத் தெரிந்த தப்புகளை ஒவ்வொன்றாக வேண்டுமென்றே அடித்து, சரியான இடத்தைக் காட்டுகிறதா என்று பார்ப்பாள். முப்பது நாற்பது விதம் அடித்தாயிற்று. இன்னும் தனக்குத் தோன்றாத தப்பு ஒன்று எங்கோ இருக்கும் என்ற பயம் மட்டும் போகவில்லை.