சீமைப் பாயில் பச்சைத் தடம்

மைக்கேல்சாமி பெயிண்டர்தான், ஆனால் மாட்டுவண்டிக்கும் கதவுக்கும் மட்டும் பெயிண்டர். சக்கரத்துக்குச் சிவப்பு, பின்பலகைக்கு மஞ்சள், மஞ்சளின்மேல் வண்டிக்காரர் பெயர், பெயருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ரோசாப்பூ. ஆவூர்ப் பக்கத்திலிருந்து புதுக்கோட்டைச் சந்தைக்கு வரும் வண்டிகளில் பாதி அவன் பூவைச் சுமந்துகொண்டுதான் வந்தன. ஆனால் அவன் ஆசை வண்டியில் இல்லை. ஊர்க் கோயிலில் உயிர்த்த சேசுநாதர் சுரூபம் வர்ணம் பொரிந்து, மூக்கு வெளுத்து நின்றது. அதற்கு முகம் எழுதிவிட வேண்டும் என்று பத்து வருசமாகக் கிடந்து தவித்தான்.

கோயில் சாமியார் லேசில் மசிகிறவர் இல்லை. "வண்டிக்கு அடிக்கிற மாதிரி ஆண்டவருக்கு அடிச்சிரப்படாது மைக்கேலு. டவுன்ல ஒரு நல்ல வீட்டுல வேலை பாரு. அந்த வீட்டுக்காரங்ககிட்ட ஒன்னயப் பத்தி நாலு வார்த்தை எழுதி வாங்கிட்டு வா. இல்லேன்னா வர்ற ஈஸ்டர் பாஸ்குவுக்கு முன்னாடி திருச்சி ஆளுக்குச் சொல்லிருவேன்" என்றார்.

அப்படித்தான், சுரூபத்தையும் சாமியார் கேட்ட கடிதத்தையும் பற்றி முதலிலேயே சொல்லி, புதுக்கோட்டையில் பிரகதாம்பாள் அம்மாளின் மாடிவீட்டு வேலையை அவன் வாங்கினான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று, ஆனி மாதம். அம்மாள் ஆவுடையார்கோயில் திருமஞ்சனத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை காலையில் மாடிச் சாவியை மைக்கேல்சாமியிடம் கொடுத்தார். "வெள்ளிக்கெழம வந்துருவேன். சன்னலு, கதவு எல்லாம் பச்சை. ஹால்ல மட்டும் பாத்து நடந்துக்க. கீழ விரிச்சிருக்கிறது சீமைப் பாய். சமஸ்தானம் கலைஞ்சப்ப வெள்ளைக்காரன் பங்களாச் சாமான ஏலம் விட்டாங்க. அதுல எங்க வீட்டுக்காரர் ஆசைப்பட்டு எடுத்தது. விரிச்சு ரெண்டு மாசங்கூட அவுக நடக்கல, போயிட்டாக" என்றார். குரலில் அழுகை இல்லை.

சீமைப் பாய் என்று அந்த வீட்டில் சொன்னது லினோலியத்தை, சீமை ஆலையில் இயந்திரம் அச்சடித்து வரும் வழுவழுப்பான தரைவிரிப்பை. மைக்கேல்சாமி அதை அன்று பார்க்கவில்லை. மேலே பழைய தினத்தாளும் சாக்கும் போட்டு மூடியிருந்தது. அவன் சன்னலுக்குப் பச்சை அடித்தான். அவன் மனைவி அடைக்கலமேரி கீழே கொல்லையில் உட்கார்ந்து கழற்றிய கதவுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். மறுநாள் மத்தியானம் ஹால் வேலை முடிந்ததும் சாக்கையும் தாளையும் சுருட்டி எடுத்து வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுத் திரும்பினான். அப்படியே நின்றுவிட்டான்.

ஹால் முழுக்க ரோசாப்பூ. சுவரிலிருந்து சுவர் வரைக்கும் கரும்பச்சைத் தரையில் சிவப்பு ரோசா, வரிசை வரிசையாக, ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. வண்டிப் பலகையில் இரண்டு பூப்போட அரை நாள் எடுத்துக்கொள்கிறவன் அவன். இங்கே முந்நூறோ நானூறோ, ஒன்றுபோல ஒன்று. குனிந்தால் பறித்துவிடலாம் போல் இருந்தன. யார் போட்டிருப்பான், எந்த ஊரில், எத்தனை கை வைத்து? கோயில் வாசலில் நிற்கிறவனைப்போல் தன்னை அறியாமலே செருப்பைக் கழற்றினான்.

கழற்றினானே தவிர, கீழே பார்க்கவில்லை. வலது கால் இறங்கியது பெயிண்ட் டின்னின் மூடிமேல். பச்சைப் பெயிண்டும் குளிர்ச்சி, லினோலியமும் குளிர்ச்சி, அவனுக்குப் பேதம் தெரியவில்லை. பூக்களைப் பார்த்தபடியே மெல்ல நடந்து எதிர்ச் சன்னல் வரைக்கும் போய், பெருமூச்சு விட்டு, திரும்பினான். வாசலிலிருந்து அவன் கால் வரைக்கும் ஏழு பச்சைத் தடம். ஏழும் வலது கால். ஒற்றைக்கால் பிசாசு ஒன்று ரோசாத் தோட்டத்தைக் கடந்து வந்த மாதிரி இருந்தது.

அந்த நேரத்தில் புத்தியுள்ளவன் என்ன செய்வான் என்பது வேறு விஷயம். மைக்கேல்சாமி தோளில் கிடந்த மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து, காலடியில் இருந்த ஏழாவது தடத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தான். போதாததற்கு, பட்டி பார்க்கிற கத்தியால் சுரண்டவும் செய்தான். பச்சை போனது. துணியைத் திருப்பிப் பார்த்தால் அதில் சிவப்பும் இருந்தது. தரையில் ஒரு ரோசா இருந்த இடம் சொட்டையாக, மங்கிய தவிட்டு நிறத்தில் கிடந்தது. மேலே இருந்த பூ எண்ணெய்க் காகிதத்தின் கனம்கூட இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அவன் போட்ட சத்தத்தில் அடைக்கலமேரி படியேறி ஓடிவந்தாள். ஒரு பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"மண்ணெண்ணெயக் கீழ வைங்க."

"காஞ்சிரும் அடைக்கலம். காஞ்சா சாவற வரைக்கும் போவாது."

"வைங்கன்னு சொல்றேன். போன மழைக்காலத்துல நம்ம சின்னக்குட்டி பெயிண்டு டின்னுக்குள்ள கைய விட்டாளே, மண்ணெண்ணெய ஊத்தியா தேய்ச்சோம்? தோலு பொசுங்கிராதா?"

அவன் கத்தியையும் கீழே வைத்தான். அவள் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெயை எடுத்து வந்தாள். பழைய வேட்டித் துணியில் நனைத்து, ஆறாவது தடத்தின்மேல் போர்த்தினாள். தேய்க்கவில்லை. இரண்டு பேரும் பக்கத்திலேயே குந்தியிருந்தார்கள். கொஞ்சம் பொறுத்துத் துணியை எடுத்துவிட்டு, விளிம்பிலிருந்து நடுவை நோக்கி, தூங்குகிற பிள்ளைக்கு மூக்குத் துடைப்பதுபோல் ஒற்றி ஒற்றி எடுத்தாள். பச்சை இளகித் துணியோடு வந்தது. பிறகு பயத்தமாவைத் தூவி எண்ணெய்ப் பிசுக்கை வழித்தாள். அடியில் ரோசா, இதழ் கலையாமல், ஈரத்தோடு, முன்னைவிடச் சிவப்பாக இருந்தது.

மைக்கேல்சாமி சிலுவை போட்டுக்கொண்டான். இருபது வருசம் பெயிண்டோடு புரண்டவனுக்குத் தெரியாத ஒன்று, பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவளுக்குத் தெரிந்திருக்கிறது. வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தைவிட ஆச்சரியம் பெரிதாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் ஆறு தடமும் போன இடம் தெரியவில்லை.

மிச்சம் அந்த ஏழாவது. எண்ணெயால் பெயிண்டை எடுக்கலாம், போன பூவைக் கொண்டுவர முடியாது.

புதன்கிழமை விடிந்ததும் அவன் சொட்டையைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு, பக்கத்துப் பூவின்மேல் குப்புறப் படுத்தான். ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே கிடந்தான். வண்டிச் சிவப்பு ஒத்துவரவில்லை. காவி கொஞ்சம், வெள்ளை கொஞ்சம், கருப்பு ஒரு பொட்டு என்று ஓட்டுச்சில்லில் குழைத்துக் குழைத்துப் பார்த்தான். பதினோராவது சில்லில் நிறம் வந்தது. அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. எல்லாப் பூவும் ஒன்றுபோல இல்லை. ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் இதழில் சிவப்பு கோட்டைத் தாண்டி மயிரிழை வழிந்திருந்தது, ஒன்றில் மேலே, ஒன்றில் பக்கத்தில். இயந்திரத்துக்கும் கை நடுங்கும் போலிருக்கிறது. அதைக் கண்டதும் அவனுக்குப் பயம் பாதி குறைந்தது.

வண்டியில் பெயர் எழுதும் அணில்முடித் தூரிகையில் நாலு முடியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கத்தரித்தான். மூச்சை அடக்கி இதழ் இதழாகப் போட்டான், கடைசியில் அந்த வழிசலையும் சேர்த்து. சாயங்காலம் வரைக்கும் அடைக்கலமேரி ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம், நன்றாகக் காய்ந்தபின், வட்டத்தை அழித்துவிட்டு, மெழுகுவத்தித் துண்டுகளை உருக்கித் தரை முழுவதும் பூசித் துணியால் பளபளக்கத் தேய்த்தார்கள்.

"சொல்ல வேண்டாங்க. தெரிஞ்சா கேக்கட்டும்" என்றாள் அவள். அவனும் தலையாட்டினான்.

வெள்ளிக்கிழமை அம்மாள் வந்தார். சன்னலைத் தடவிப் பார்த்தார், கதவைச் சாத்தித் திறந்தார், ஹால் வாசலில் நின்று தரையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "வெளுத்து வாங்கிட்டியே மைக்கேலு. அவுக இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாக. தரையில ஒரு பொட்டு விழுகாம வேலை பாத்தான்னு ஒங்க சாமியாருக்கு நானே எழுதித் தாரேன்."

அவர் மேசை முன்னால் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். மைக்கேல்சாமி அந்தப் பேனா முனையையே பார்த்தான். பொய்யைக் காகிதத்தில் வாங்கிக்கொண்டு போய், அதைக் காட்டி ஆண்டவர் முகத்தில் கைவைப்பதா? இத்தனை வருசத்து ஆசையும் கண்ணெதிரே அழிவது தெரிந்தும் வாய் திறந்துவிட்டது.

"அம்மா, அப்படி எழுதாதீங்க. நான் பெயிண்டுக் காலோட நடந்துட்டேன். ஒரு பூ அழிஞ்சு போச்சு. இப்ப அங்க இருக்கிறது நான் எழுதுன பூ."

அடைக்கலமேரி கண்ணை மூடிக்கொண்டாள். அம்மாளின் முகம் இறுகியது. பேனாவை வைத்துவிட்டு எழுந்தார்.

"எது, காட்டு."

அவன் சன்னலோரம் போய் நாலாவது வரிசையில் குனிந்தான். இதுதான் என்று விரல் நீட்டப் போனவன் நிறுத்திக்கொண்டான். அடுத்ததைப் பார்த்தான். மூன்றாவது வரிசைக்கு வந்தான். முழங்காலிட்டான். சாக்பீஸ் வட்டத்தைத் தானே அழித்தது நினைவுக்கு வந்தது.

"என்ன, மறைக்கிறியா?"

"இல்லங்கம்மா. இங்கிட்டுத்தான். அடைக்கலம், நீ பாரு."

அவளும் முழங்காலிட்டாள். வரிசை வரிசையாக நகர்ந்தாள். அவளுக்கும் பிடிபடவில்லை. நம்பாமல் அம்மாளும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புடவையைச் செருகிக்கொண்டு, தரையில் முழங்காலிட்டார். பூப்பூவாகத் தடவிக்கொண்டே போனார். கால் மணி நேரம் மூன்று பேரும் தேடினார்கள்.

"இது கொஞ்சம் பிசகா இருக்கு. இதுதானே?" என்றார் கடைசியில்.

மைக்கேல்சாமி அதை நெருங்கிப் பார்த்தான். நிறம் இரண்டாக விலகி அச்சாகியிருந்தது. "இல்லங்கம்மா. இது சீமைக்காரன் போட்டது."

நாலு முடித் தூரிகையும் ஓட்டுச்சில்லும் வைத்து அவன் போட்ட ஒன்று, போட்டவன் கண்ணுக்கே அகப்படாமல் அத்தனைக்கும் நடுவே பூத்துக் கிடந்தது. விரலிடுக்கில் பச்சை ஏறிய தன் வலது கையை, வேறு யாருடையதோ போல, பயத்தோடு பார்த்தான். அடைக்கலமேரியும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாள் சன்னலைப் பிடித்து எழுந்தார். மேசைக்குப் போய், எழுதத் தொடங்கியிருந்த காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார். எழுதி முடித்ததும் நிதானமாகப் படித்துக் காட்டினார்.

"மைக்கேல்சாமி என் வீட்டுத் தரையைக் கெடுத்துவிட்டதாக அவரே வந்து சொன்னார். மூன்று பேர் முழங்காலிட்டுத் தேடினோம். கெட்ட இடம் கிடைக்கவில்லை. சுரூபத்தை இவரிடம் கொடுங்கள்."