முதலில் வெளியே வரவேண்டியது

"பாத்தியா, ஒத்தைக் கையில தூக்கிட்டேன்! பூ மாதிரி இருக்கு" என்று பேக்கரிக்காரர் டிரெய்லரின் மூக்கைத் தூக்கி, காரின் பின்னாலிருந்த இரும்பு உருண்டையில் உட்கார வைத்தார்.

"கடைச் சாமான் மொத்தமும் ஏத்தியும் இவ்ளோ லேசாவா இருக்கும்?" என்றாள் அவருடைய அக்கா.

"அடுக்குற விதத்துல அடுக்கினா இருக்கும்க்கா."

அவர் மனைவி டிரெய்லரைக் காரோடு பிணைக்கும் இரண்டு சங்கிலிகளையும் குறுக்கே போட்டு மாட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். பின்விளக்குகள் எரிகின்றனவா என்று சுற்றி வந்து பார்த்தாள். ஓட்டப்போவது அவள்தான். கோழி கூவுமுன் அடுப்பு மூட்டிப் பழகிய மனிதர், மதியமானால் நின்ற இடத்திலேயே தூங்கிவிடுவார். அவர் கையில் யார் சாவியைக் கொடுப்பது?

டிரெய்லரை வாடகைக்குக் கொடுத்தவர் காலையில் இருவரையும் நிற்கவைத்துத்தான் சொல்ல ஆரம்பித்தார். ஓட்டுகிற பாடத்தை அவள் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டாள். ஏற்றுகிற பாடத்துக்கு வந்ததும் பேக்கரிக்காரர் கையமர்த்திவிட்டார். "இருபது வருஷமா அடுப்புல தட்டு அடுக்குறவன் நான். எனக்கா சொல்லித் தர்றீங்க?"

அடுப்புக்கு ஒரு சட்டம் உண்டு: கடைசியாக உள்ளே போனது முதலில் வெளியே வரும். புதுக் கடையில் முதலில் வேண்டியது மாவு பிசையும் மிஷின். மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்கு நானூறு பன் போயாக வேண்டும். புது ஊரில் கிடைத்த முதல் ஆர்டர். இருப்பதோ அந்த ஒரே மிஷின். ஆகவே யானைக்குட்டி போன்ற அது கடைசியாக ஏறி, மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில் பின்கதவை ஒட்டி நின்றது. தட்டுகளும் அட்டைப்பெட்டிகளும் காலி டின்களும் முன்னால் கூரை வரை.

முக்கால் மணி நேரம் வண்டி நல்லபடியாகத்தான் போனது. பேக்கரிக்காரர் குறட்டை விட்டார். பின்சீட்டில் நாத்தனார் வழியில் வந்த ஒவ்வொரு வீட்டின் பெயின்டையும் குறை சொல்லிக்கொண்டு வந்தாள்.

நீண்ட இறக்கம் ஒன்று வந்தது. பெரிய லாரி ஒன்று உரசுகிற மாதிரி தாண்டிப் போனது. அந்தக் காற்றில் டிரெய்லர் லேசாக அசைந்தது. அசைந்தது நிற்கவில்லை. இடப்பக்கக் கண்ணாடியில் அதன் விளிம்பு தெரிந்து மறைந்தது, வலப்பக்கத்தில் தெரிந்தது, மறுபடி இடப்பக்கம். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் அகலமாக. காரையே பின்னாலிருந்து யாரோ வாலைப் பிடித்து ஆட்டுவது போலிருந்தது.

"என்னம்மா இது, தொட்டில் ஆட்டுற மாதிரி!" என்றாள் நாத்தனார்.

பேக்கரிக்காரர் விழித்துக்கொண்டார். "பிரேக் போடு! பிரேக்கைப் போடுடீ!"

"போட மாட்டேன்."

"ஒடிச்சுத் திருப்பு!"

"திருப்பவும் மாட்டேன். நீங்க கொஞ்சம் சும்மா இருங்க!"

'ஆட ஆரம்பிச்சா பிரேக்கை மிதிக்காதீங்கம்மா, திருப்பாதீங்க. ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை மட்டும் எடுத்துட்டு ஸ்டியரிங்கை நேராப் பிடிங்க' என்று காலையில் கேட்ட குரல் காதிலேயே இருந்தது. காலை எடுத்தாள். கை இரண்டும் இரும்பாயின. மிதிக்கச் சொல்லிக் கால் கெஞ்சியது, விடவில்லை. இறக்கம் முடிந்து சாலை சமமானது. ஆட்டம் பாதியானது. அப்புறம் கால்வாசி. அப்புறம் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை.

லாரிகள் நிற்கும் ஒரு திடலில் ஓரங்கட்டி நிறுத்தினாள்.

"நான் இன்னும் இருக்கேனா?" என்றாள் நாத்தனார்.

"இருக்கீங்க அண்ணி. வாய் ஆடுதே."

பேக்கரிக்காரர் ஓடிப்போய் டிரெய்லரின் பின்கதவைத் திறந்தார். மிஷின் நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு கீறல் இல்லை. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"அவளைக் கட்டிப் பிடிக்கணும்டா. மிஷினையா பிடிக்கிற?"

ஏன் ஆடியது என்று தெரியாமல் மேற்கொண்டு ஓட்ட அவள் தயாராக இல்லை. பின்கதவை முழுசாகச் சாய்த்துச் சரிவுப் பலகையாக்கி, மிஷினைக் கீழே உருட்டினார்கள். பிறகு மூட்டை, தட்டு, டின், பெட்டி எல்லாம் இறங்கின. கடைசி அடுக்கு இறங்கியதும் உள்சுவரில் கையகலத்துக்கு ஒரு படம் தெரிந்தது. இரண்டு டிரெய்லர்கள். ஒன்றில் கனமான பெட்டி சக்கரத்துக்கு முன்னால். மற்றதில் கதவை ஒட்டி, அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி.

நாத்தனார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி படித்தாள். "'கனமான பொருளைப் பின்னால் வைக்காதீர்.' அடேய், இந்தப் படத்தை மறைச்சுத்தான் தட்டு அடுக்கினியா?"

"சுவத்தை யாருக்கா பாத்தா?"

"பின்னால பாரம் அமுக்கினதுலதான் மூக்கு பூ மாதிரி இருந்துச்சு. அப்பவே நான் கேட்டிருக்கணும்" என்றாள் அவள்.

"நான் கேட்டேனே!" என்றாள் நாத்தனார்.

டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு டிரைவர்கள் தோள் கொடுக்க, மிஷின் மறுபடி ஏறி, சக்கரத்துக்குச் சற்று முன்னால் நடுவில் நின்றது. முன்னும் பின்னும் பெல்ட் போட்டு, அவளே இறுக்கி, தட்டிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் மாவு மூட்டைகள் சரிசமம். லேசானதெல்லாம் பின்னால். இப்போது பூட்டைத் திறந்து, பேக்கரிக்காரர் இரண்டு கையாலும் தம் கட்டியும் மூக்கு அசையவில்லை.

"இப்பத்தான் சரி" என்று அவள் பூட்டை மறுபடி மாட்டினாள்.

மீதி வழியில் இன்னும் நாலு லாரிகள் தாண்டின. ஒவ்வொன்றுக்கும் மூவரும் மூச்சைப் பிடித்தார்கள். ஒன்றுக்கும் டிரெய்லர் அசைந்து கொடுக்கவில்லை. பேக்கரிக்காரர் தூங்கவே இல்லை.

புதுக் கடை வாசலில் பெட்டி, டின், தட்டு எல்லாம் நடைபாதை நெடுக இறங்கின. முதலில் வேண்டிய மிஷின் கடைசியாக வந்தது. "பாத்தியா, எவ்வளவு நேரம்!" என்று முணுமுணுத்தபடி அதைச் சுவரோரம் நிறுத்தி, பிளக்கைச் செருகி, பொத்தானை அமுக்கினார். மாவு பிசையும் கொக்கி மெதுவாகச் சுற்றியது. எப்போதும் போடும் அதே 'உம்ம்'.

அவள் மாவு மூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"கையில என்னம்மா?" என்றாள் நாத்தனார்.

கார் சாவி. விரலைப் பிரித்தால் உள்ளங்கையில் அதன் பல் வரிசை சிவப்பாகப் பதிந்திருந்தது. பேக்கரிக்காரர் பக்கத்தில் குந்தி, அந்தத் தடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டார்.

"டிரெய்லரை நாளைக்கு நானே கொண்டுபோய் விட்டுட்டு வரேன். காலி வண்டிதானே?"

"காலையில வேணாம். பன் முடிச்சு, நல்லாத் தூங்கி எழுந்து சாயங்காலம் போங்க" என்றாள். "போனா, மிச்சப் பாடத்தையும் கேட்டுட்டு வாங்க."