தெம்புக்கு ஒரு டம்ளர் பால்

இரண்டு நாள் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்ததில் இடுப்பு கழன்றுவிடும்போல் வலித்தது. மூட்டை தூக்கிப் பழகிய உடம்புக்குச் சும்மா உட்காருவதுதான் தண்டனை. பள்ளிக்கூடக் கட்டடத்தை மூன்று நாளைக்கு ஆஸ்பத்திரியாக்கியிருந்தார்கள். வெளிநாட்டு டாக்டர்கள், இலவச ஆபரேஷன். என் மகளுக்குப் பிறவியிலேயே மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது. ஆறு வயது. அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். இந்த வாயோடு போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

முதல் நாள் பரிசோதனை. இரண்டாம் நாள் பட்டியல் ஒட்டினார்கள். கடைசி நாள் காலையில் அவள் மூன்றாவது ஆள்.

"ராத்திரிக்கு மேல எதுவும் சாப்பிடக் கூடாது. வெறும் வயிறா இருக்கணும்" என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போனாள். நானும் என் மனைவியும் மண்டையை மண்டையை ஆட்டினோம்.

விடிந்ததும் பிள்ளை பசியில் சுருண்டு கிடந்தாள். மனைவி குளிக்கிற வரிசையில் நின்றிருந்தாள். எங்கள் குடோனில் பெரிய லாரி வந்து நின்றால், மூட்டையில் கை வைக்குமுன் ஆளுக்கொரு டம்ளர் பால் குடிப்போம், குளுக்கோஸ் கலந்து. அது சாப்பாட்டில் சேர்த்தியில்லை. குடித்த பிறகும் "இன்னும் ஒண்ணும் சாப்பிடலை" என்றுதான் சொல்வோம். கத்தி படப்போகிற உடம்பு, தெம்பு வேண்டாமா? வாசல் டீக்கடையில் வாங்கிக் கொடுத்தேன். ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தாள்.

எட்டு மணிக்குப் பச்சைச் சட்டை மாட்டிவிட்டார்கள்.

"காலைல ஏதும் குடுத்தீங்களாண்ணே?" என்றாள் நர்ஸம்மா.

"ஒண்ணுமில்லம்மா. தெம்புக்கு ஒரு டம்ளர் பால் மட்டும்தான்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "பாலா? எப்போ?"

"ஆறரை இருக்கும்."

உள்ளே ஓடி டாக்டரைக் கூட்டிவந்தாள். அந்த நெட்டை மனுஷன் என் மகள் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"வயித்துல பால் இருக்கறப்ப மயக்க மருந்து குடுத்தா, அது மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடும். உயிருக்கே ஆபத்து. ஆறு மணி நேரம் ஆகணும்னு சொல்றார்" என்றாள் நர்ஸம்மா.

"ஆகட்டும்மா. உக்காந்திருக்கோம். நாங்க எங்க போகப்போறோம்?"

"நீங்க இருப்பீங்க. அவங்க இருக்க மாட்டாங்களே. பன்னெண்டு மணிக்கு மூட்டை கட்டிடுவாங்க."

"கால்ல விழுந்து கேக்கறேம்மா."

"கால்ல விழுந்தா குடிச்ச பால் இறங்கிடுமாண்ணே?" கேலியாகச் சொல்லவில்லை. அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

மனைவி ஈரத்தலையோடு வந்து நின்றாள். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்றாள். பிள்ளையின் பச்சைச் சட்டையைக் கழற்றத் தொடங்கினாள். திட்டியிருந்தால் தேவலை.

பட்டியலில் இல்லாமல் காத்திருந்த ஒரு பையனை எங்கள் முறைக்குக் கூப்பிட்டார்கள். பத்தரைக்கு வெளியே வந்தான். உதடு வீங்கிக் கிடந்தது, ஆனால் ஒரே உதடாக இருந்தது. அவன் தாய் அழுதுகொண்டே எங்கள் பக்கம் கும்பிட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் மகள் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"எனக்கு எப்பப்பா?"

நர்ஸம்மாவைப் பார்த்தேன். "அடுத்த வருஷம் வந்தா சொல்லி அனுப்பறேன்" என்றாள். வந்தால்.

மறுநாள் குடோனுக்குப் போனேன். எங்கள் கூட்டில் ஐந்து பேர். ஒருத்தன் வராவிட்டால் அவன் பங்கை மற்ற நாலு பேர் தூக்குவார்கள். அவன் திரும்பி வந்து அதைத் தூக்கிக் கழிக்க வேண்டும்.

"என்ன மாப்ள, பாப்பா வாய் நிறையச் சிரிச்சுதா?" என்றான் மொட்டை.

சொன்னேன். நாலு பேரும் என்னைப் பார்க்காமல் லாரியைப் பார்த்தார்கள்.

"பாலைப் போய்ச் சாப்பாடுன்னு எவன்டா நினைப்பான்?" என்றான் மொட்டை. "கழிக்கறதெல்லாம் வேணாம், விடு. பாப்பா உதட்டுக்குன்னு தூக்கினது."

"உதடுதான் ஒட்டலையே" என்றேன்.

நாளுக்கு எண்பது, மூன்று நாள். இருநூற்று நாற்பது மூட்டை நான் இன்னும் இவர்களுக்குத் தூக்க வேண்டும்.